இறக்கையில் இருப்பது யார்? : 'ட்விலைட் ஸோன்' தொடரும் மேற்கோளின் மறதியும்

1

ஒரு பிரதி இன்னொரு பிரதியை 'நினைவுகூர்கிறது' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சொல்லிலேயே ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது, திதி கொடுப்பது மாதிரி. ஆனால் எந்த மேற்கோளும் மூலத்தை முழுசாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு துண்டை வெட்டி எடுக்கிறது, மிச்சத்தைப் போட்டுவிட்டுப் போகிறது. எடுத்த துண்டு புழங்கிப் புழங்கிப் பளபளப்பாகிறது. விட்ட பகுதியோ, விடப்பட்டது என்ற தடயம்கூட இல்லாமல் போய்விடுகிறது. ஆகவே ஒரு பிரதி பின்னால் வந்தவர்களால் எப்படி நினைக்கப்படுகிறது என்று கேட்கிறவர்கள், அது எப்படி மறக்கப்படுகிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

இங்கே நான் எடுத்துக்கொள்வது 'ட்விலைட் ஸோன்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். அந்திப் பிரதேசம் என்று சொல்லிக்கொள்ளலாம். 1959 அக்டோபர் 2 முதல் 1964 ஜூன் வரை சி.பி.எஸ். நிறுவனம் ஒளிபரப்பியது. மொத்தம் 156 அத்தியாயங்கள். அவற்றில் 92-ஐ எழுதியவர் தொடரை உருவாக்கிய ராட் ஸெர்லிங். தொடர் என்றாலும் தொடர்கதை கிடையாது. ஒவ்வொரு வாரமும் புதுக் கதை, புது மனிதர்கள். சாதாரண ஆள் ஒருவர், சாதாரண இடம் ஒன்று. திடீரென்று உலகத்தின் ஏதோ ஒரு விதி மட்டும் பிசகிப்போகிறது. கடைசி நிமிஷத்தில் ஒரு திருப்பம். கறுப்பு வெள்ளைப் படத்தின் ஓரத்தில் கோட்டு சூட்டோடு ஸெர்லிங்கே நின்று, ஆரம்பத்திலும் முடிவிலும் பார்வையாளரிடம் பேசுவார்.

இந்தத் தொடரின் ஒரு அத்தியாயத்தைக்கூடப் பார்க்காத அமெரிக்கருக்கும் நான்கு விஷயங்கள் தெரியும். மாரியஸ் கான்ஸ்டன்ட் என்ற இசையமைப்பாளரின் நான்கு ஸ்வரத் துணுக்கு ஒன்று. விநோதமாக ஏதாவது நடந்தால் அதை வாயால் பாடிக்காட்டுவார்கள். இரண்டு, சூட் போட்ட அந்த மனிதரின் தோரணை. மூன்று, கடைசித் திருப்பம். நான்கு, தொடரின் பெயரே விசித்திரமான எந்த நிலைமைக்கும் ஒரு பேச்சு வழக்காக ஆகிவிட்டது. வெகுசனக் கலாச்சாரம் வெட்டி எடுத்துக்கொண்ட துண்டுகள் இவை. வெட்டியெறிந்தது என்ன என்று பார்ப்பதற்கு, தொடருக்கு நான்கு வருஷம் முன்னால் போக வேண்டும்.

2

1955 ஆகஸ்ட் 28. மிசிசிப்பி மாநிலத்தில், மணி என்ற சின்ன ஊரில், சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்டான். கடையிலிருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதைக் குறைவாக நடந்தான் என்பது குற்றச்சாட்டு. வழக்கு நடந்தது. முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி, சுமார் ஒரு மணி நேரத்தில் இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விட்டுவிட்டது. அடுத்த ஜனவரியில் அதே இருவர், காசு வாங்கிக்கொண்டு, 'லுக்' பத்திரிகையில் தாங்களே கொன்றதாகச் சொன்னார்கள். சிதைந்த அந்த முகத்தை உலகம் பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்துவைத்தார் அவன் தாய். 'ஜெட்' பத்திரிகை அந்தப் படத்தை வெளியிட்டது.

ஸெர்லிங் அப்போது தொலைக்காட்சி நாடகங்களுக்குப் பேர்போன எழுத்தாளர். யூதர், இரண்டாம் உலகப்போரில் பிலிப்பைன்ஸில் சண்டையிட்டுத் திரும்பியவர். இந்தக் கொலையிலிருந்து ஒரு நாடகம் எழுத நினைத்தார். 1956 ஏப்ரலில் 'நூன் ஆன் டூம்ஸ்டே' ஒளிபரப்பானது. நிகழ்ச்சியின் விளம்பரதாரர் யுனைட்டட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் கம்பெனி. டில் வழக்கோடு இதற்குத் தொடர்பு உண்டு என்ற செய்தி முன்கூட்டியே பத்திரிகைகளில் வந்ததும், தென்மாநில வெள்ளை நிறவெறி அமைப்புகள் எதிர்ப்பைக் கிளப்பின. கம்பெனி பயந்தது. கதை நடக்கும் இடம் தெற்கிலிருந்து நியூ இங்கிலாந்துக்குத் தூக்கிப் போடப்பட்டது. கொல்லப்பட்டவன் இனம் தெரியாத ஏதோ ஒரு அந்நியனாக ஆனான். கொலைகாரனோ, ஒரு கணம் தடம் புரண்டுவிட்ட நல்ல பையனாக ஆனான். கோகோ கோலா பாட்டில்கூடக் காட்சியில் இருக்கக் கூடாது என்றார்கள். கோலா என்றால் தெற்கு ஞாபகம் வந்துவிடுமாம்!

1958-ல் மறுபடி முயன்றார். 'எ டவுன் ஹாஸ் டர்ன்ட் டு டஸ்ட்'. இம்முறை கதை 1870களின் தென்மேற்குக்குத் தள்ளப்பட்டது. கொல்லப்படுபவன் மெக்சிகோ இளைஞன். ஊர் தூசியாவதற்கு முன் தன் எழுத்து தூசியாகிவிட்டது என்று கசந்துகொண்டார் ஸெர்லிங். அந்த நாடகத்தில் கும்பலைத் தூண்டிவிட்டுக் கொலைக்குக் கூட்டிப்போகும் கடைக்காரராக நடித்தவரின் பெயரை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்: வில்லியம் ஷாட்னர். அவர் திரும்ப வருவார்.

இந்த இரண்டு அடிக்குப் பிறகுதான் 'ட்விலைட் ஸோன்'. ஒளிபரப்புக்குச் சில நாட்கள் முன், 1959 செப்டம்பரில், மைக் வாலஸ் எடுத்த தொலைக்காட்சிப் பேட்டியில் விளம்பரதாரர்கள் தன்னைப் படுத்திய பாட்டை விளக்கமாகச் சொன்ன ஸெர்லிங், நடப்புச் சமூகப் பிரச்சினைகளை நாடகமாக்கும் உத்தேசம் இனி இல்லை என்றும் ஒத்துக்கொள்கிறார். கைவிட்டுவிட்டார் என்றே பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். பிறகு அவர் செய்தது வேறு. செவ்வாய்க் கிரகவாசி பேசினால் விளம்பரதாரருக்குக் கவலையில்லை. செவ்வாய்க் கிரகத்தில் சோப்பு விற்பதில்லை.

ஃப்ராய்டு கனவுகள் பற்றிய தன் நூலில் இதே உவமையைத்தான் சொல்கிறார். ஆள்பவர்களுக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்ல வேண்டிய அரசியல் எழுத்தாளன் தணிக்கைக்குப் பயந்து, சொந்த நாட்டு அதிகாரிகளை எழுதாமல் சீன மாண்டரின்கள் இரண்டு பேர் சண்டை போட்டதாக எழுதுகிறான், கனவும் அப்படியே. தணிக்கை எவ்வளவு கடுமையோ அவ்வளவு வேஷம். ஸெர்லிங்கின் வேற்றுக்கிரகவாசிகள் இந்த மாண்டரின்கள்.

ஃப்ராய்டு கேட்காத ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அந்த மாண்டரின் கதை மிகப் பிரபலமாகிவிட்டால்? அடுத்த தலைமுறை மாண்டரினைப் பற்றியே பகடி எழுத ஆரம்பித்துவிட்டால்? சொந்த நாட்டு அதிகாரி எங்கே போவார்?

3

1963 அக்டோபரில் வந்த 'நைட்மேர் அட் 20,000 ஃபீட்' அத்தியாயத்தைப் பார்ப்போம். எழுதியவர் ரிச்சர்ட் மாதெசன், இயக்கியவர் ரிச்சர்ட் டோனர். விமானப் பயணி ஒருவன் ஜன்னல் வழியே இறக்கையில் ஒரு ஜந்து உட்கார்ந்து எஞ்சினைப் பிய்ப்பதைப் பார்க்கிறான். அவனைத் தவிர யாருக்கும் அது தெரிவதில்லை. நடித்தவர் அதே ஷாட்னர்.

பின்னால் வந்தவர்கள் இதை எடுத்தாண்ட மாதிரி வேறெதையும் எடுத்தாளவில்லை என்று தோன்றுகிறது. 1983-ல் வந்த 'ட்விலைட் ஸோன்' திரைப்படத்தில் ஜான் லித்கோவை வைத்து மறுபடி எடுத்தார்கள். 1993-ல் 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரில் பள்ளிக்கூடப் பஸ்ஸின் பக்கவாட்டில் ஜந்து ஒட்டிக்கொண்டது. 1995-ல் 'ஏஸ் வென்ச்சுரா' இரண்டாம் படத்தில் ஜிம் கேரி, விமானத்தில் உட்கார்ந்து ஷாட்னரைப் போலவே முகம் கோணிக் காட்டினார். 1999-ல் 'தேர்ட் ராக் ஃப்ரம் தி சன்' நகைச்சுவைத் தொடரில் ஷாட்னரே விமானத்திலிருந்து இறங்கி, இறக்கையில் ஏதோ இருந்தது என்கிறார். வரவேற்க வந்த லித்கோ, எனக்கும் அப்படித்தான் நடந்தது என்கிறார்! மூலமும் நகலும் நேருக்கு நேர் சந்தித்துக் கைகுலுக்கிக்கொண்ட இந்த இடத்தில் ஜந்துவே தேவைப்படவில்லை. மேற்கோள் மேற்கோளைப் பார்த்துக் கண்ணடித்தால் போதும்.

மூலத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் முகத்தில் அடிக்கிறது. அந்தப் பயணி ஆறு மாதத்துக்கு முன் இதே போன்ற ஒரு விமானத்தில் மனம் உடைந்துபோனவன். மனநல விடுதியிலிருந்து குணமாகி மனைவியோடு வீடு திரும்பிக்கொண்டிருப்பவன். ஆகவே அவன் பார்ப்பது நிஜமானாலும் அவன் வாய்க்கு மதிப்பு இல்லை. அத்தியாயத்தின் பயம் ஜந்துவிடம் இல்லை. பைத்தியம் என்று ஒருமுறை பதிவேட்டில் ஏறியவனின் சாட்சியம் செல்லாது என்பதில் இருக்கிறது. கட்டிப்போட்டு அவனைத் தூக்கிப் போகும்போது கேமரா பிய்ந்துபோன எஞ்சினைக் காட்டுகிறது. யாருடைய சொல் சாட்சியாக ஏற்கப்படும், யாருடையது உளறலாகத் தள்ளப்படும்? இந்தக் கேள்வியைக் கேட்ட கதை இது. 1983-ல் விடுதிப் பின்னணி போய், விமானத்தில் ஏறவே பயப்படும் ஒருவன் வந்தான். 1995-ல் முகக்கோணல் மட்டும் மிஞ்சியது. 1999-ல் அதுவும் போய் இரண்டு நடிகர்களின் தொழில்முறைச் சரித்திரம் மட்டும் மிஞ்சியது.

'சும்மா ஒரு ஜோக், அதுக்குப் போய் இவ்வளவா?' என்று கேட்கலாம். பகடி எல்லாமே மறதி என்று நான் சொல்ல வரவில்லை. 'சிம்ப்சன்ஸ்' பஸ்ஸைக் கவனியுங்கள். நொறுங்கிப்போன பஸ் கண்ணெதிரே நிற்கும்போதே சிறுவன் பார்ட்டை, ஒழுங்கீனத்துக்காக, பைத்தியக்கார விடுதிக்கு அனுப்புகிறார்கள். சாட்சியம் கண்முன்னே இருந்தாலும் நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொள்ளாது என்று மூலத்தைவிடக் கூர்மையாகச் சொல்லிவிடுகிறது கார்ட்டூன். மரியாதையோடு மறு ஆக்கம் செய்தவர்கள் தொலைத்ததைக் கிண்டல் பண்ணியவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள்.

தமிழ் எம்.ஏ.வில் நன்னூல் பாயிரம் படித்தவர்களுக்கு முதல், வழி, சார்பு என்ற பகுப்பு தெரியும். முதல்நூலின் முடிபோடு முழுக்க ஒத்துப்போய், தனக்கு வேண்டிய சில வேறுபாடுகளை மட்டும் செய்துகொள்வது வழிநூல். ஒரு பக்கம் ஒத்து மற்றதில் வேறுபடுவது சார்புநூல். ஒப்புமைக்கு உரைகல் 'முடிபு' என்பது எனக்கு இங்கே உதவியாக இருக்கிறது. முடிபு என்று இலக்கணம் சொல்வது நூல் எட்டும் கருத்தை. வெகுசன மேற்கோள் முடிபு என்று எடுத்துக்கொள்வதோ கதையின் கடைசிக் காட்சியை.

'டு சர்வ் மேன்' (1962) இதற்கு நல்ல உதாரணம். டேமன் நைட் 1950-ல் எழுதிய சிறுகதையிலிருந்து எடுத்தது. பசி, போர் எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும் வேற்றுக்கிரகவாசிகள் ஒரு புத்தகத்தை விட்டுச்செல்கிறார்கள். தலைப்பு, மனிதருக்குச் சேவை செய்வது எப்படி என்ற மாதிரி. சேவை செய்வதற்கும் பந்தியில் பரிமாறுவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். கடைசியில்தான் தெரிகிறது, அது சமையல் புத்தகம். உதவி என்ற பெயரில் வரும் வல்லரசைப் பற்றிய கதையாக, பனிப்போர்க் காலத்தில் நிறுத்தி இதை வாசிக்க முடியும். 1991-ல் 'நேக்கட் கன் 2½' படத்தில், மூலத்தில் நடித்த லாயிட் பாக்னரே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு 'இது சமையல் புத்தகம்' என்று கத்தியபடி ஓடுகிறார். தியேட்டர் சிரிக்கிறது. கடைசி வரி மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது; எந்தக் கதையின் கடைசி வரி என்பது அவசியமே இல்லை.

அதே கதையை 1990-ல் 'சிம்ப்சன்ஸ்' எடுத்தபோது புத்தகத்தின் மேலிருக்கும் தூசியை ஊத ஊதத் தலைப்பு மாறிக்கொண்டே போகிறது. கடைசியில் வேற்றுக்கிரகவாசிகள் நிஜமாகவே நல்லவர்கள். சந்தேகப்பட்டதால் மனம் புண்பட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். திருப்பத்துக்குப் பழகிப்போன பார்வையாளரின் புத்தியையே திருப்பிவிட்ட இதைச் சார்புநூல் என்பேன். பாக்னரின் ஓட்டம் வழிநூல்கூட இல்லை, வெறும் எச்சம்.

4

ரொலான் பார்த் 1957-ல், 'ட்விலைட் ஸோன்' தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு வெளியிட்ட 'தொன்மங்கள்' நூலில் இந்த இயக்கத்தை விளக்கியிருக்கிறார். ஒரு குறி, தன் சரித்திரத்தோடு முழுமையாக இருக்கிறது. அதை இன்னொரு குறியமைப்பு எடுத்து வெற்று வடிவமாக்குகிறது. பழைய அர்த்தம் செத்துவிடுவதில்லை. ஒதுக்கப்படுகிறது, தேவைப்படும்போது தொட்டுக்கொள்ள ஊறுகாய் மாதிரி பக்கத்தில் இருக்கிறது. சரித்திரம் வடிகட்டப்பட்டு இயற்கை போல ஆக்கப்படுகிறது.

இதன் உச்சத்தை 1994-ல் ஃப்ளோரிடாவின் டிஸ்னி பூங்காவில் பார்க்கலாம். 'ட்விலைட் ஸோன் டவர் ஆஃப் டெரர்' என்று ஒரு சவாரி. பாழடைந்த ஹோட்டலின் லிஃப்ட் திடீரென்று கீழே விழும். மக்கள் கூச்சல் போட்டு மகிழ்வார்கள். ஏறுவதற்கு முன் ஸெர்லிங்கின் உருவம் தொலைக்காட்சித் திரையில் தோன்றி வரவேற்கும். ஸெர்லிங் 1975-ல், 50 வயதில் இறந்துபோனார். அந்த உருவம் 1961-ல் வந்த 'இட்ஸ் எ குட் லைஃப்' அத்தியாயத்தின் முன்னுரையிலிருந்து வெட்டியது. குரல் வேறொரு மிமிக்ரி கலைஞருடையது.

வெட்டப்பட்ட இடத்தைப் பாருங்கள். 'இட்ஸ் எ குட் லைஃப்' ஒரு கிராமத்தைப் பற்றியது. அங்கே ஆறு வயதுப் பையன் ஒருவன் நினைத்ததெல்லாம் நடக்கும். அவனுக்குப் பிடிக்காததை நினைத்தால்கூட ஆள் காலி. ஆகவே ஊரே எந்நேரமும் சிரித்துக்கொண்டு 'ரொம்ப நல்லது, ரொம்ப நல்லது' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. கட்டாயமாக மகிழ வேண்டிய ஊரைப் பற்றி எச்சரிக்க நின்ற மனிதனின் வாயிலிருந்து அவன் சொற்களைப் பிடுங்கிவிட்டு, கேளிக்கைப் பூங்காவுக்கு வாசல்காப்போனாக நிறுத்தியிருக்கிறார்கள். திட்டமிட்ட நையாண்டியாக இருந்தால் கை தட்டியிருப்பேன்.

5

மேற்கோள் காட்டப்படாத அத்தியாயங்கள் எவை என்றும் பார்க்க வேண்டும். மௌனங்களின் பட்டியலும் ஒரு பிரதிதான்.

1960 ஏப்ரலில் வந்த 'தி பிக் டால் விஷ்'. தோற்றுப்போன குத்துச்சண்டை வீரன் ஒருவன், அவன் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் சிறுவன் ஒருவன். முக்கியப் பாத்திரங்கள் எல்லோரும் கறுப்பர்கள். கதையில் இனம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் கறுப்பர் என்றால் வேலைக்காரர் அல்லது கோமாளி என்றிருந்த காலத்தில், அவநம்பிக்கையின் துயரத்தை ஐவன் டிக்ஸன் என்ற கறுப்பு நடிகரின் முகத்தில் நிறுத்தியது அது. 1964 மார்ச்சில் வந்த 'ஐ ஆம் தி நைட், கலர் மி பிளாக்'. மரண தண்டனை நிறைவேற்றும் நாளில் ஒரு ஊருக்கு மட்டும் விடியவே இல்லை. வெறுப்புதான் இருளாகக் கவிந்திருக்கிறது என்பது கதை. முடிவில் ரேடியோ, இதே இருள் வேறு எங்கெல்லாம் சூழ்ந்திருக்கிறது என்று பட்டியல் வாசிக்கிறது: பர்மிங்ஹாம், டல்லஸின் ஒரு தெரு, பெர்லின் சுவர். முந்தின செப்டம்பரில்தான் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கறுப்புச் சிறுமிகளைக் கொன்றிருந்தார்கள். முகமூடி ஏறக்குறையக் கழன்றுவிட்ட அத்தியாயம். இவை இரண்டையும் எந்தக் கார்ட்டூனும் சீண்டி நான் பார்த்ததில்லை.

'தி மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்' (மார்ச் 1960) நடுவில் நிற்கிறது. ஒரு தெருவில் கரண்ட் போகிறது. ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது, ஒரு கார் மட்டும் தானாக ஸ்டார்ட் ஆகிறது. அண்டை அயலார் ஒருவரையொருவர் வேற்றுக்கிரகவாசி என்று சந்தேகப்பட்டு, கல்லெறிந்து, சுட்டு, கும்பலாகிவிடுகிறார்கள். மேலேயிருந்து நிஜ வேற்றுக்கிரகவாசிகள் சுவிட்சைத் தட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் இதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். 2003-ல், ஃபாரஸ்ட் விட்டேக்கர் என்ற கறுப்பு நடிகர் தொகுத்தளித்த இரண்டாவது மறு வருகையில், வேற்றுக்கிரகவாசிக்குப் பதில் பயங்கரவாதி பயத்தை வைத்து மறுபடி எடுத்தார்கள்; சுவிட்சைத் தட்டியது அமெரிக்க ராணுவமே என்று முடித்தார்கள்.

உருவகத்தின் லாபம் இது. ஓர் இடத்தில் கட்டிப்போடாததால் எந்த ஊருக்கும் எந்தக் காலத்துக்கும் பொருந்துகிறது. லாபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 1957 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் லெவிட்டவுன் என்ற, மேப்பிள் தெரு மாதிரியே துடைத்துவைத்த புறநகரில், ஒரு கறுப்பர் குடும்பம் வீடு வாங்கிக் குடியேறியபோது, வெள்ளைக்கார அண்டை வீட்டார் நாள் கணக்கில் கும்பலாக நின்று கல்லெறிந்தார்கள். அங்கே கரண்ட் போகவில்லை. யாரும் சுவிட்சைத் தட்டவில்லை. தொலைக்காட்சியின் மேப்பிள் தெருவில் கும்பல் இருக்கிறது. கல்லடி படுகிறவராகக்கூட ஒரு கறுப்பர் அங்கே இல்லை. 'எல்லோரும் சந்தேகப்பட்டார்கள், எல்லோரும் குற்றவாளிகள்' என்று உருவகம் பொதுமைப்படுத்தும்போது, நிஜத்தில் கல் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்பது மறைந்துவிடுகிறது. தணிக்கையை ஏமாற்றப் போட்ட வேஷம், தணிக்கை விரும்பியதில் ஒரு பங்கைச் செய்துகொடுத்துவிட்டது.

6

முகமூடியைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடுமா? 1983 திரைப்படத்தின் முதல் பகுதி அப்படித்தான் முயன்றது. ஜான் லாண்டிஸ் எழுதி இயக்கியது. யூதரையும் கறுப்பரையும் ஆசியரையும் வெறுக்கும் வெள்ளையன் ஒருவன் திடீரென்று நாஜிகள் பிடித்த பிரான்ஸில் யூதனாக, தெற்கில் கு க்ளக்ஸ் க்ளான் கையில் சிக்கிய கறுப்பனாக, வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் சுடும் வியட்நாமியனாக மாறி மாறி மாட்டிக்கொள்கிறான். ஸெர்லிங்குக்கு 1956-ல் மறுக்கப்பட்டது எல்லாம் இதில் வெளிப்படையாகவே இருக்கிறது.

மூலக் கதையில் இவனுக்கு ஒரு மீட்பு இருந்தது: அமெரிக்க ஹெலிகாப்டர் தாக்கும் கிராமத்திலிருந்து இரண்டு வியட்நாமியக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடப்பான். 1982 ஜூலை 23, அதிகாலை இரண்டு மணிக்கு மேல், கலிபோர்னியாவில் அந்தக் காட்சியைப் படமாக்கினார்கள். வெடிகளுக்கு நடுவில் ஹெலிகாப்டர் விழுந்து நடிகர் விக் மாரோவும், 7 வயதுச் சிறுவனும் 6 வயதுச் சிறுமியும் அங்கேயே இறந்தார்கள். ஆசியாவிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். குழந்தைகளை இரவில், வெடிமருந்துக்குப் பக்கத்தில் நடிக்க வைக்கச் சட்டம் அனுமதிக்காது என்பதால், உரிமம் வாங்காமல், கணக்கில் வராமல், ரொக்கமாகக் காசு கொடுத்துக் கூட்டி வந்திருந்தார்கள். லாண்டிஸ் உட்பட ஐந்து பேர் மீது வழக்கு நடந்தது. 1987-ல் எல்லோரும் விடுதலை. படம் 1983 ஜூனில் வெளிவந்தது. குழந்தைகள் வரும் காட்சி நீக்கப்பட்டது. மீட்பு இல்லாமல், அவனை வதைமுகாம் ரயிலில் ஏற்றுவதோடு கதை முடிகிறது.

இந்தச் சம்பவத்தை ஒரு குறியீடாக்கி அழகு பார்க்க எனக்கு விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். நிறவெறியை வெளிப்படையாகக் கண்டித்த பிரதி அது. கதையின் மையம் வெள்ளைக்காரனின் பாவமும் மீட்பும்; அதற்குச் சான்றாக ஆசியக் குழந்தைகளின் உடல்கள் தேவைப்பட்டன. பிரதியில் இருந்த இந்தப் படிநிலை படப்பிடிப்புத் தளத்திலும் இருந்தது. யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதோடு, பேசுவதற்கு யாரைப் பயன்படுத்திக்கொள்கிறோம் என்பதும் அரசியல். விஷயம் முற்போக்காக இருப்பது எந்தத் தளத்துக்கும் விதிவிலக்கு வாங்கித் தராது.

7

2019-ல் தொடர் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தபோது, ஸெர்லிங் நின்ற இடத்தில் ஜோர்டான் பீல் நின்றார். 'கெட் அவுட்' (2017) எடுத்த கறுப்பு இயக்குநர். அவருடைய 'அஸ்' (2019), பேருந்து நிலையத்தில் தன்னைப் போலவே இன்னொருத்தியைப் பார்க்கும் பெண்ணைப் பற்றிய 'மிரர் இமேஜ்' (1960) அத்தியாயத்திலிருந்து கிளைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த ஒரு பெண்ணின் திகிலை அவர் ஒரு தேசத்தின் கீழே அடைத்துவைக்கப்பட்ட இன்னொரு மக்கள்திரளின் திகிலாக மாற்றினார். நான் சார்புநூல் என்று சொன்னதற்குச் சரியான உதாரணம்.

புதிய தொடரின் மூன்றாம் அத்தியாயம் 'ரீப்ளே'. கறுப்பினத் தாய் ஒருத்தி மகனைக் கல்லூரியில் சேர்க்கக் காரில் கூட்டிப்போகிறாள். கையில் பழைய வீடியோ கேமரா. அதில் ரீவைண்ட் பொத்தானை அழுத்தினால் காலமே பின்னால் போகிறது. எந்த வழியில் போனாலும், எவ்வளவு பணிவாகப் பேசினாலும், அதே வெள்ளைப் போலீஸ்காரன் வந்து நிற்கிறான். பத்து வருஷம் கழித்துக் கேமரா உடைகிறது. மகன் வெளியே போகிறான். போலீஸ் விளக்கின் வெளிச்சம் விழுகிறது. திருப்பம் என்ற உத்தியே இங்கே இடம் மாறிவிட்டது. எதிர்பாராதது நடப்பதால் வரும் திகில் இல்லை இது, எதிர்பார்த்தது ஒவ்வொரு முறையும் நடப்பதால் வரும் திகில்.

புதிய தொடர் அப்பட்டமாகப் பிரசங்கம் செய்கிறது என்று விமர்சகர்கள் பலர் குறைப்பட்டார்கள். நீளம் பற்றிய புகார் நியாயம். பிரசங்கம் பற்றிய புகார் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. மேப்பிள் தெருவின் முடிவில் ஸெர்லிங் செய்தது பிரசங்கம் இல்லாமல் வேறென்ன? மூலத்தின் போதனை அதன் மேற்கோள்களால் சுரண்டி எடுக்கப்பட்டு, திருப்பமும் நான்கு ஸ்வரமும் மட்டுமே 'ட்விலைட் ஸோன்' என்று ஆனபிறகு, போதனை திரும்பி வந்தால் அது அந்நியமாகத்தான் தெரியும். மேற்கோள்களின் வழியாக மூலத்தை அறிந்தவர்கள், மூலத்தோடு ஒத்துப்போகும் ஒன்றைப் பார்த்து, இது மூலம் மாதிரி இல்லையே என்கிறார்கள்.

பீலின் தொடருக்கு விளம்பரதாரர் பிடுங்கல் இல்லை. ஆனால் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் திறக்கும் இணையச் சேவையில் அது வந்தது. இரண்டு பருவங்கள், 20 அத்தியாயங்களோடு நின்றுபோனது. ஸெர்லிங்கைத் தணிக்கை செய்த அதே விளம்பரப் பணம்தான் அவரை வீடுவீடாக இலவசமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்று வேண்டியதைச் சொல்லலாம். கேட்பவர்கள் காசு கொடுத்து உள்ளே வந்தவர்கள். அதிகாரம் வாயை விட்டுவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

8

கும்பல் கொலையை அமெரிக்க மத்திய அரசு தனிக் குற்றமாக்கிய சட்டம் 2022 மார்ச்சில்தான் வந்தது. சட்டத்துக்கு எம்மெட் டில்லின் பெயர். கொலைக்கும் சட்டத்துக்கும் இடையில் 67 வருஷம். இந்த 67 வருஷத்தில் பெரும்பகுதி, நான்கு ஸ்வரமும் இறக்கையில் ஜந்துவும் சமையல் புத்தகமும் எல்லோர் வாயிலும் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரு 14 வயதுப் பையன் இருந்தான் என்பது ஆய்வாளர்களின் சமாச்சாரமாக இருந்தது.

இதற்கு ஸெர்லிங்கைக் குற்றம் சொல்ல மாட்டேன். உருவகம் இல்லாவிட்டால் அவர் குரலே இருந்திருக்காது. வேஷத்தைத் தாண்டி நாம் இன்று உள்ளே பார்க்க முடிவதற்கும் அவரேதான் காரணம். விளம்பரதாரர்கள் எதை வெட்டினார்கள், கோலா பாட்டிலை ஏன் எடுத்தார்கள், கொல்லப்பட்டவனின் இனம் எப்படி மாறியது என்பதையெல்லாம் பேட்டிகளிலும் உரைகளிலும் அவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். 'ட்விலைட் ஸோன்' பிரதியை மட்டும் எவ்வளவு நுட்பமாகக் கட்டுடைத்தாலும் டில்லின் பெயர் அதிலிருந்து வராது. அது பிரதிக்கு வெளியே பதிவானதால்தான் நமக்குக் கிடைத்தது. 'பிரதிக்கு வெளியே ஒன்றுமில்லை' என்பதைச் சுலோகமாக ஒப்பிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆகவே மாண்டரின்களை எழுதுகிற தோழர்களுக்கு நான் வைக்கும் யோசனை எளிமையானது. வேஷம் கட்டித்தான் ஆக வேண்டியிருந்தால் கட்டுங்கள். கூடவே, எந்தப் பெயரை எடுத்துவிட்டு எந்தப் பெயரைப் போட்டோம், யார் சொல்லி, எந்தத் தேதியில் என்பதை எங்காவது எழுதி வையுங்கள். ஒரு நேர்காணலில், ஒரு முன்னுரையில், இதைப் போன்ற ஒரு சிறுபத்திரிகையின் மூலையில். கதை பிரபலமானால் மேற்கோள் காட்டுகிறவர்கள் வேஷத்தைத்தான் எடுத்துப் போவார்கள். அந்தக் குறிப்பைத் தேடி எடுத்து அதன் பக்கத்தில் வைப்பது விமர்சகர்களின் வேலை. அதை நாங்கள் எவ்வளவு தூரம் செய்திருக்கிறோம் என்பதையும் சேர்த்தே விவாதிக்கலாம்.